எங்க வீட்டு வெத்தலை

“எங்க வீட்டுக்கும் ஒரு வெத்தலை வைங்க.”

கேட்கவே கூடாது என்று அம்மா பதிமூன்று வருஷமாகச் சொல்லி வளர்த்ததைப் பாண்டிசெல்வி கேட்டுவிட்டாள். பொம்பளைகள் ஒதுங்கி நிற்கிற வேப்பமரத்தடியிலிருந்து நாலு எட்டு முன்னால் வந்து, ஜமுக்காளத்தின் ஓரத்தை மிதித்துக்கொண்டு நின்று கேட்டாள். பின்னால் அம்மா பரிபூரணம் நின்றாள். அவள் கை மகளின் துப்பட்டா நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

மம்சாபுரத்தின் மேற்கு ஓரம் ஊருணிக்கரைத் தெரு. அங்கே ஒரு காரியம் முடிவாக வேண்டுமென்றால் காளியம்மன் கோயில் முன்னால் ஜமுக்காளம் விரிப்பார்கள். நடுவில் பித்தளைத் தாம்பாளம். தலைக்கட்டுக்கு, அதாவது ஆம்பளை தலையாக உள்ள வீட்டுக்கு, ஒன்று என்று எண்ணி வெற்றிலை அடுக்கியிருக்கும். தீர்மானத்தைச் சொன்னதும் ஒவ்வொரு தலைக்கட்டாக எழுந்து வந்து ஒரு வெற்றிலை எடுக்க வேண்டும். எடுத்தால் சம்மதம். எடுத்தவனைத்தான் தீர்மானம் கட்டும், எடுக்காதவனைக் கட்டாது. கூட்டத்தை நடத்துகிற பெரியவர் காசிராஜனின் அப்பாவே ஒருதரம் ஊருணி மீன் குத்தகை விஷயத்தில் வெற்றிலையைத் தொடாமல் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனாராம். கடைசிவரைக்கும் அவரை யாரும் ஒரு சொல் கேட்க முடியவில்லை என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள்.

தெருவில் வீடு அறுபத்திரண்டு. வெற்றிலை ஐம்பத்தொன்பது. ஆம்பளை செத்துப்போய் ஆம்பளைப் பிள்ளையும் இல்லாத மூன்று வீடுகளை ஒட்டு வீடு என்பார்கள். பாண்டிசெல்வியின் அப்பா முத்துராமலிங்கம் செத்த பதினாறாம் நாளோடு அவர்கள் வீட்டையும் பெரியப்பா தங்கச்சாமியின் தலைக்கட்டோடு ஒட்டிவிட்டார்கள். அவர் எடுக்கிற வெற்றிலைதான் இவர்களுக்கும்.

காசிராஜன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். மாங்காய்த் தரகு பார்க்கிறவர். எதையும் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார்.

“முத்துராமலிங்கம் மகளா? ஒங்க பெரியப்பன் எடுக்க வெத்தலையில நீங்களும் அடக்கந்தான தாயி. தெரியாதா?”

“தெரியும். அதான் வேண்டாங்கேன். அவரு எடுத்தா அவரக் கட்டட்டும். எங்களுக்கு நாங்க எடுத்துக்கிடுதோம்.”

ஜமுக்காளத்தில் யாரோ சிரித்தார்கள். தங்கச்சாமிக்கு முகம் கறுத்தது.

“ஏட்டி, இதுக்குத்தான் ஒன்னிய காலேசுக்கு அனுப்புனமா?”

“நீங்க அனுப்பல பெரியப்பா. எங்கம்மா சத்திரப்பட்டித் தறியில பேண்டேஜ் துணி நெய்ஞ்சு அனுப்புச்சு.”

சிரிப்பு நின்றுவிட்டது. காசிராஜன் கையை உயர்த்தினார். “பேச்சு வளர வேண்டாம். வெத்தலை எண்ணி வச்சாச்சு. காவல் விசயத்த இன்னைக்கி முடிப்போம். தங்கச்சாமி சொன்ன விசயம் வார ஞாயித்துக்கெழம.”

காவல் என்றது வானத்துக்குக் காவல். நாலு நாளாக மலைப்பக்கம் வெளிச்சம் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. தலைக்கட்டுக்கு ஓர் ஆள் என்று முறை போட்டு மொட்டைமாடியில் உட்கார வேண்டும். அது முதல் தீர்மானம். தங்கச்சாமி கொண்டுவந்தது இரண்டாவது. இந்தக் கூத்து ஓயும்வரைக்கும் தெருப் பொம்பளைப் பிள்ளைகள் யாரும் ஆறு மணிக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது, மில்லுக்குச் செகண்ட் ஷிப்ட் போகக்கூடாது.

பாண்டிசெல்விக்குக் காந்தியது அதுதான். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் லேப் வேலை அவளுக்கு. நூற்றிருபது கஜம் நூலைச் சுற்றி எடுத்து, எடை போட்டு, நூல் என்ன நம்பர் ஓடுகிறது என்று சொல்ல வேண்டும். ஆறு மாதம் ட்ரெய்னிங், நாலு மாதம் முடிந்துவிட்டது. ஒரு வாரம் காலை ஷிப்ட், மறுவாரம் மதியம் இரண்டிலிருந்து ராத்திரி பத்து. வருகிற ஞாயிறு செகண்ட் ஷிப்ட் தொடங்குகிறது. சேர்ந்தாற்போல ஏழு நாள் வரவில்லையென்றால் ட்ரெய்னிங்கிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். எத்தனையோ பேர் அந்த லேப் ஸ்டூலுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள், பட்டம் வாங்கியவள், ஃபேன் காற்றில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள் அவள் ஒருத்திதான். வானத்தில் ஏதோ மினுக்குகிறதாம், அதற்கு அவள் வீட்டுக்குள் உட்கார வேண்டுமாம்.

“வந்து தொலை” என்று அம்மா இழுத்தாள். போனாள். போகும்போது ஒருதரம் திரும்பித் தாம்பாளத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

முதன்முதலில் அந்த வெளிச்சத்தைப் பார்த்தது பீர் முகமது. தெரு முக்கில் டீக்கடை வைத்திருப்பவர், தெருவின் வெற்றிலைக் கணக்கில் சேராதவர். பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுதுவிட்டு வந்து பாய்லரில் கரி தள்ளி நிமிர்ந்தால், மலைக்கு மேலே மூன்று வெளிச்சம். சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, நடுவில் வெள்ளை. நின்றது, பக்கவாட்டில் நகர்ந்தது, பொசுக்கென்று அணைந்துவிட்டது. மறுநாள் சேத்தூரில் பார்த்தார்கள். அதற்கு மறுநாள் மகாராஜபுரத்தில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன ஒருத்தர் தலைக்கு மேலேயே நின்றதாம், மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாராம். நாலே நாளில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பால்கோவா விற்கிற ஆள்கூட, “ஒங்க ஊருல வந்துச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் பொட்டலம் கட்டினான்.

சாயங்காலம் ஆனால் டீக்கடையில் நிற்க இடமில்லை.

“எவனோ மாந்தோப்பக் கணக்கெடுக்காம்ப்பா. காய்ப்பு எம்புட்டுன்னு பாத்து மொத்தமா வெலை பேசப்போறான்.”

“இருட்டுல காய் எப்பிடித் தெரியும்?”

“அதுக்குன்னு ஒரு கேமரா இருக்காம்லே. சூட்டப் பாக்குமாம்.”

“மாங்காய்க்கு ஏது சூடு?”

“மாங்கா சூடுன்னு ஒங்கம்மா சொல்லலையா, தின்னா கட்டி வருமுன்னு?”

“அதெல்லாம் இல்ல. ராஜபாளையம் நாயத் தூக்கிட்டுப் போக வருதாம். வெளியூருல ஒரு குட்டி லச்ச ரூவா.”

“எங்க வீட்டு நாயத் தூக்கிட்டுப் போகச் சொல்லு. ஏத்துக்கூலி நான் தாரேன்.”

ஸ்டேஷனிலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் நோட்டோடு வந்தார்கள். ஒருத்தன் வட்டம் என்றான், ஒருத்தன் சிலந்தி மாதிரி என்றான், தங்கச்சாமி மகன் பாண்டிதுரை ஓட்டுச் சின்னம் எதையோ சொன்னான். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, எங்களதும் இல்லை, காட்டிலாகாவுடையதும் இல்லை என்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். யாருடையதும் இல்லை என்று தெரிந்ததும்தான் ஊருக்குக் குஷி பிறந்தது. பீர் முகமது தன் மொட்டைமாடியில் பத்துப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். வாடிப்பட்டி, மதுரை என்று கட்டிக்கொடுத்த பிள்ளைகள் பேரன் பேத்தியோடு வந்து இறங்கினார்கள். சித்திரைப் பொங்கலுக்குக்கூடத் தெரு இப்படி முழித்துக் கிடந்ததில்லை.

பாண்டிசெல்வியும் தினமும் பீர் முகமது மாடியில் ஏறிப் பார்த்தாள். பீர் முகமதுவின் மகள் ஆலியாவுக்கும் அதே மில்லில், நூல் சுற்றுகிற பிரிவில் வேலை. இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டு, வானத்தை ஓரம் ஓரமாகப் பிரித்துப் பார்ப்பார்கள்.

“அந்தா ஒண்ணு.”

“அது மதுரைக்கு எறங்குற பிளைட்டு. கோடு போட்ட மாதிரிப் போகுது பாரு.”

“அப்ப அது?”

“செல்போன் டவர் லைட்டுடி.”

“ஒங்கூட வந்து பாத்தா ஒண்ணுமே இருக்காது போலயே” என்று ஆலியா சலித்துக்கொண்டாள்.

ஆனால் செவ்வாய்க்கிழமை ஒன்று இருந்தது. சிவப்பு, பச்சை, வெள்ளை. மலை விளிம்பை ஒட்டியே வந்தது. நின்றது. காற்றை எதிர்த்துப் பின்வாக்கில் போனது. பிளைட்டு பின்வாக்கில் போகாது, நட்சத்திரமும் போகாது. பாண்டிசெல்வி தொட்டியை விட்டுக் கைப்பிடிச்சுவர் வரைக்கும் போனாள். பி.எஸ்.ஸி. இயற்பியல் படித்த மூன்று வருஷத்திலும் ஒரு தடவைகூட இப்படித் தெரியாத ஒன்றை நேருக்கு நேராகப் பார்த்ததில்லை.

“இது நெசம்” என்றாள். “என்னன்னு தெரியல. ஆனா நெசம்.”

அன்றைக்குச் சோறு போடும்போது அம்மா வெளிச்சத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கருவாட்டுக் குழம்பை ஊற்றிவிட்டு, தட்டைப் பார்த்தே பேசினாள்.

“கூட்டத்துல எல்லாருக்கும் முன்னாடி அப்பிடிக் கேட்டுட்டியே.”

“கேட்டா என்ன? தலையவா எடுத்துட்டாக?”

“நான் கேட்டுருக்கேன்.”

பாண்டிசெல்வி கையை எடுத்தாள். இது அவளுக்குத் தெரியாது.

“ஒங்கப்பா செத்து பதினாறு முடிஞ்ச மறுவாரம் கூட்டம். எப்பயும் அவரு போவாரு, இனி நாமதான்னு நான் போயி கைய நீட்டுனேன். எனக்கு என்ன தெரியும், வீட்டுக்கு ஒண்ணுதானன்னு நெனச்சேன். காசிராஜன் அண்ணாச்சி தாம்பாளத்த அந்தப் பக்கமா நகட்டிட்டாக. அம்புட்டுத்தான். நீட்டுன கைய என்ன செய்யன்னு தெரியாம முந்தானைக்குள்ள விட்டுக்கிட்டு வந்தேன். அதான் சொன்னேன், கேக்காதன்னு.”

“நீ அப்பயே சத்தம் போட்டுருக்கணும்.”

“ஒனக்கு அப்ப பத்து வயசு. சத்தம் போட்டுட்டு ஒன்னியக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்? சோத்தத் தின்னு.”

தின்றாள். குழம்பு உறைக்கவில்லை. அம்மா சொன்னதுதான் உறைத்தது.

புதன்கிழமை பாண்டிதுரை சிவகாசியிலிருந்து மூன்று பெட்டி ராக்கெட் வாங்கிக்கொண்டு வந்தான். பெரியப்பா மகன், அவளைவிட ஒரு வயது மூத்தவன். கூட ஏழெட்டுப் பேர். பைப்புத் துண்டுகளைத் தங்கச்சாமி வீட்டு முற்றத்தில் மண்ணில் நட்டு வைத்துக்கொண்டு பொழுது சாயக் காத்திருந்தார்கள். ஏழு மணி. மேற்கே மலைக்கு மேல் பளபளவென்று ஒன்று நின்றது.

“அந்தா நிக்கு. அசையாம நிக்கு பாரு, களவாணி.”

பக்கத்திலிருந்த பீர் முகமது மாடியிலிருந்து பாண்டிசெல்வி கத்தினாள். “ஏண்ணே, அது வெள்ளிக் கிரகம். தெனமும் அங்ஙனதான் நிக்கும். எட்டரைக்குள்ள மலைக்குப் பின்னால எறங்கிரும்.”

“பி.எஸ்.ஸி. சொல்லுதுப்பா, கேட்டுக்கோங்க.”

“வெள்ளின்னா இம்புட்டு வெளிச்சம் இருக்குமாக்கும்?”

“ஏட்டி, நீ நூல எண்ணு. வானத்த நாங்க பாத்துக்கிடுதோம்.”

முதல் ராக்கெட் சீறிக்கொண்டு போனது. மாடியெல்லாம் கைதட்டு. அடுத்தது, அதற்கடுத்தது. புகையில் மலையே மறைந்தது. இரண்டாவது பெட்டி தீரும்போது ஒரு மேகத்துண்டு வந்து வெள்ளியை மூடியது.

“பட்டுருச்சு. விழுந்துருச்சு.”

முற்றத்தில் ஆட்டமே போட்டார்கள். பாண்டிதுரையைத் தோளில் தூக்கினார்கள். தங்கச்சாமி மீசையைத் தடவிக்கொண்டு, “எம்மவன்” என்றார். மேகம் நகர்ந்தது. வெள்ளி முன்னைவிடத் துலக்கமாக நின்றது.

பீர் முகமது மாடியில் டீ டம்ளரோடு சொன்னார்: “அடிச்ச அடியில மூஞ்சி கழுவிட்டு வந்துருக்குப்பா.”

ஊரே சிரித்த சிரிப்பில் பாண்டிதுரைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்றாவது பெட்டியிலிருந்து ஒரே நேரத்தில் ஐந்தைக் கொளுத்தினான். நாலு போனது. ஐந்தாவது பைப்போடு சாய்ந்து, தரையை ஒட்டிச் சீறி, தொழுவத்துக்குப் பின்னால் இருந்த வைக்கோல் படப்பில் போய்ச் செருகிக்கொண்டது.

யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாண்டிசெல்விதான் பார்த்தாள். நாலு சத்தம்தானே கேட்டது, ஒன்று எங்கே என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

“பெரியப்பா, படப்பு.”

சொல்லிவிட்டுப் படியில் இறங்கினாளா குதித்தாளா என்று ஆலியாவுக்குத் தெரியவில்லை. அவள் போய்ச் சேரும்போது படப்பின் இடுப்பில் ஓர் ஆள் அகலத்துக்குத் தீ ஏறியிருந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆள்கள் ஓடிவந்தார்கள். ஊருணி வறண்டு கிடந்தது, குழாயில் தண்ணீர் வந்து ஆறு நாள். வீட்டுக்கு வீடு இருந்தது நாலு குடம்தான். ஒருத்தன் உச்சியில் ஊற்றப் போனான்.

“மேல ஊத்தாதிய. ஊத்துனா உள்ள பொகைஞ்சுக்கிட்டே கெடந்து விடியக்காலம் எரியும். பிரிச்சு இழுங்க. இந்தப் பக்கம் காத்து, அந்தப் பக்கம் நின்னு இழுங்க. சாக்க நனைங்க.”

மில்லில் பஞ்சு உடைக்கிற இடத்தில் தீப்பிடித்தால் அப்படித்தான். சேர்ந்த முதல் வாரமே பழக்கிவிடுவார்கள். பஞ்சுத் தீக்கும் வைக்கோல் தீக்கும் குணம் ஒன்று, மேலே அவிந்து உள்ளே இருக்கும். தொழுவத்துக் கழுநீர்த் தொட்டியில் சாக்குகளை முக்கி முக்கி எறிந்தாள். பெரியப்பா திகைத்துப்போய் நின்றார். “நிக்காதிய, கவட்டைக் கம்ப எடுத்து இழுங்க” என்றாள். இழுத்தார். பாண்டிதுரை இழுத்தான். காசிராஜன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இழுத்துப்போட்ட வைக்கோலை ஈரச்சாக்கால் அடித்தார். பீர் முகமது பால் கேனில் தண்ணீரோடு ஓடிவந்தார். பரிபூரணம் ஒரு சொல் பேசவில்லை. அரிவாளைக் கொண்டுபோய் தொழுவத்தில் கட்டிக் கிடந்த இரண்டு மாட்டுக்கும் கயிற்றை அறுத்துத் தெருவில் விரட்டிவிட்டாள்.

அரை மணி நேரத்தில் தீ அடங்கியது. கால்வாசிப் படப்பு போனது, முக்கால்வாசி நின்றது. எல்லோரும் கரி அப்பிய முகத்தோடு மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போதுதான் தலைக்கு மேல் ஒரு சத்தம் கேட்டது.

“ஸ்பின்னிங் மிஷின் ஓடுற மாதிரி இருக்குடி” என்றாள் ஆலியா.

தொழுவத்துக்கு நேர் மேலே, இரண்டு பனை உயரத்தில், அது நின்றது. சிவப்பு, பச்சை. நடுவிலிருந்த வெள்ளை வெளிச்சம் மட்டும் பெரிதாகி, கீழே இறங்கி, படப்பைத் தடவி, ஆள்களைத் தடவியது. தங்கச்சாமியின் மொட்டைத் தலையில் விழுந்து மின்னியது. யாரும் அசையவில்லை. பாண்டிதுரை கையில் ஒரு ராக்கெட் மிச்சம் இருந்தது. தீப்பெட்டியும் இருந்தது. அவன் அதை வேட்டி மடிப்பில் மெதுவாகச் செருகிக்கொண்டான்.

பாண்டிசெல்வி லேபில் பழகிய பழக்கத்தில் எண்ணினாள். நாற்பதுவரை நின்றது. பயமா என்றால் பயம் இல்லை. இன்னும் கொஞ்சம் இறங்கு, இறங்கு, உன் வயிற்றில் என்ன இருக்கிறது பார்ப்போம் என்று மனசு துள்ளியது. கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து நின்றாள். நாற்பத்தொன்றில் வெளிச்சம் அணைந்து, அது மலைப்பக்கம் சரிந்து போய்விட்டது.

முதலில் பேசியது பீர் முகமதுதான்.

“நாம அத வேடிக்க பாத்தோம். இன்னைக்கி அது நம்மள வேடிக்க பாத்துட்டுப் போகுது.”

அவ்வளவுதான், தெரு வெடித்துவிட்டது. சிரிக்கிறவன், கத்துகிறவன், போனில் மதுரைக்குச் சொல்கிறவன். போட்டோ எடுத்தீர்களா என்றால் ஒருத்தரும் எடுக்கவில்லை. எல்லார் கையிலும் சாக்கும் கம்பும்தான் இருந்தது. பாண்டிசெல்வியும் கத்தினாள், ஆலியாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். அன்றைக்குத் தெருவில் யாரும் தலைக்கட்டும் இல்லை, ஒட்டும் இல்லை.

வெள்ளிக்கிழமை காசிராஜன் பாண்டிசெல்வி வீட்டுக்கே வந்துவிட்டார். பதிமூன்று வருஷத்தில் முதல்முறை. பரிபூரணம் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

“தங்கச்சாமியே சொல்லிட்டான் தாயி. அந்தப் பிள்ள இல்லன்னா மாடும் போயிருக்கும், வீடும் போயிருக்குமுன்னு. ஞாயித்துக்கெழம ஒங்க வீட்டுக்கு வெத்தலை உண்டு. அறுவது வெத்தலை.”

அம்மாவின் கண் நிறைந்ததைப் பாண்டிசெல்வி பார்த்தாள். பார்த்துக்கொண்டே கேட்டாள்: “தீர்மானம் என்ன பெரியவரே?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அத அன்னைக்கிப் பேசுவோம். காலம் கெட்டுக் கெடக்கு, இப்ப தலைக்கு மேலயே வந்துருச்சுல்லா. பொம்பளப் பிள்ளைகளப் பாதுகாக்கணும்ல.”

“ராக்கெட்டு?”

“அத முத்தத்துல விட வேண்டாமுன்னு சொல்லிட்டேன். ஊருணிக் கரையில வச்சு விடட்டும்.”

அவர் போன பிறகு அம்மா வெகுநேரம் வாசலிலேயே நின்றாள். “ஒங்கப்பா பேரச் சொல்லிக் கூப்புடுவாக” என்றாள், தனக்குள் சொல்வதுபோல. பாண்டிசெல்வி கொல்லைத் துவைகல்லில் போட்டு யூனிபார்ம் கோட்டை அடித்துத் துவைத்தாள். கோட்டுக்கு அந்த அடி தேவையே இல்லை.

சாயங்காலமானால் எல்லோரும் மாடிக்குப் போய்விடுகிறார்கள் என்று கூட்டத்தைப் பகல் பன்னிரண்டுக்கு வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். பாண்டிசெல்வி வேப்பமரத்தடிக்குக் கோட்டோடு வந்தாள், கழுத்தில் மில் அட்டை, தோளில் பை. மில் பஸ் ஒன்றேகாலுக்கு. காலையிலேயே டிரைவருக்குப் போன் போட்டு, “நாங்க ரெண்டு பேரு ஏறுவோம், நிறுத்தத்துல நில்லுங்கண்ணே” என்று சொல்லியிருந்தாள். அம்மா பையைப் பார்த்தாள்.

தங்கச்சாமி தீர்மானத்தைச் சொன்னார். செகண்ட் ஷிப்ட் போகிற பதினான்கு பிள்ளைகளும் வேலைக்குப் போகாமல் நின்றுவிட வேண்டும், ஆறு மணிக்கு மேல் யாரும் வெளியே கூடாது. ஐம்பத்தொன்பது பேரும் எழுந்து வந்து எடுத்தார்கள். தங்கச்சாமி தலைக்கட்டுக்கு எடுத்தது பாண்டிதுரை, கரி இன்னும் போகாத கை. கடைசியில் தாம்பாளத்தில் ஒரே ஒரு வெற்றிலை. காம்பு கிள்ளாத, அகலமான, நல்ல கொடிக்கால் வெற்றிலை.

“முத்துராமலிங்கம் வீடு” என்று கூப்பிட்டார் காசிராஜன்.

“அவரு செத்து பதிமூணு வருசமாச்சு. பரிபூரணம் வீடுன்னு கூப்புடுங்க” என்றாள் பாண்டிசெல்வி.

சலசலப்பு. காசிராஜன் ஒரு கணம் யோசித்தார்.

“பரிபூரணம் வீடு.”

அம்மா நடந்து போனாள். ஜமுக்காளத்தில் கால் வைக்கும்போது பாதத்தை மறுகாலில் துடைத்துக்கொண்டாள். போய்த் தாம்பாளத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். வெற்றிலையைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை. மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“எடு தாயி” என்றார் தங்கச்சாமி. குரல் இளகியிருந்தது. “நாந்தான் வைக்கச் சொன்னேன்.”

“தெரியும் பெரியப்பா. சந்தோசம். ஒண்ணே ஒண்ணு கேக்கேன். படப்பு எரிஞ்சது எதுனால?”

“ராக்கெட்டால.”

“ராக்கெட்டு விட்டது மில்லுக்குப் போற பிள்ளைகளா? ஆறு மணிக்கு மேல ஆரையாவது வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டணும்னா பாண்டிதுரை அண்ணனத்தான பூட்டணும்?”

வேப்பமரத்தடியில் குபீரென்று சிரித்தார்கள். பாண்டிதுரையே சிரித்துவிட்டான்.

காசிராஜன் தொடையைத் தட்டினார். “வெத்தலைக்கு முன்னாடி பேசணும், வச்ச பொறவு பேச்சு இல்ல. எடுக்கியளா இல்லையா?”

“எடுக்காட்டி?”

பதில் சொன்னது பரிபூரணம். அந்தக் கூட்டத்தில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை, சன்னமாக, தெளிவாக இருந்தது.

“எடுக்காட்டி என்ன. ஒங்க ஐயா மீன் குத்தகைக்கு எடுக்காம எந்திரிச்சுப் போனாகள்லா அண்ணாச்சி. அதே மொறதான்.”

யாரோ தொண்டையைச் செருமினார்கள். காசிராஜனின் கை தாம்பாளத்தின் விளிம்புக்குப் போனது. பழைய பழக்கம், நகர்த்துவதற்கு. பரிபூரணம் அதற்கு முன்னால் தன் உள்ளங்கையைத் தாம்பாளத்தின் ஓரத்தில் வைத்து அழுத்தினாள். வெற்றிலையைத் தொடவில்லை.

“அது எங்க வீட்டு வெத்தலை. அங்ஙனயே இருக்கட்டும். வாடுனாலும் பரவால்ல. ஆரும் தொடாதிய.”

அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பிறகு மகளிடம், அடுப்படியில் நின்று கேட்பதுபோலக் கேட்டாள்:

“சோத்து வாளிய எடுத்தியா?”

“எடுத்துட்டேன்.”

“ராத்திரி முக்குக்கு வாரேன். பத்தே முக்கால்தான?”

“பத்து நாப்பது.”

பாண்டிசெல்வி செருப்பை மாட்டினாள். ஊருணிக்கரைத் தெருவின் நடுவாக, வெயிலில், ஒரு எட்டுக்கூட வேகம் கூட்டாமல் நடந்தாள். டீக்கடை முன்னால் ஆலியா இரண்டு கையையும் ஆட்டினாள். பஸ் ஏற்கெனவே நின்று உறுமிக்கொண்டிருந்தது. பின்னால், வேப்பமரத்தடியில், மில் பிள்ளைகள் யாரோ அவசர அவசரமாகச் செருப்புத் தேடுகிற சத்தம் கேட்டது. ஒருத்தியா, இரண்டு பேரா என்று தெரியவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.